தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மைக்

இதை நான் எழுதவில்லை, சொல்கிறேன். எழுதுவது என் கணவரின் அக்கா. நான் நங்கையா என்று கூப்பிடுவது அவரைத்தான். என் கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் காதில் விழும். நங்கையாவுக்குத் தமிழ் மட்டும்தான் கை ஓடும். அதனால் என் எழுத்து வேலையை இரண்டு பேருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டேன். நடுநடுவே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதையெல்லாமா கண்ணு எழுதறது? படிக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்று கேட்கிறார். நினைத்துக்கொண்டு போகட்டும். எனக்கு வந்த சீக்கைப் பற்றி யாராவது முன்பே இப்படி எழுதி வைத்திருந்தால், நான் பட்ட பயத்தில் பாதியாவது குறைந்திருக்கும்.

எங்கள் ஊர் பல்லடத்துக்குப் பக்கம். வீட்டை ஒட்டியே தறிக்குடோன், அதில் எட்டு விசைத்தறிகள். தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். தறி நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். குடோன் சுவருக்கு இந்தப் பக்கம், முன் அறையில் என் மேசை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வெளிநாட்டுக் கடிதங்களை இங்கிலீஷில் எழுதி அடித்துக் கொடுப்பது என் தொழில். சரக்கு வரவில்லை என்று அங்கே ஒருவன் எரிந்து விழுந்திருப்பான். அவன் மனம் குளிரும்படியும், நாங்கள் பொய் சொல்லாதபடியும் பதில் எழுத வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதையும் எழுதுங்கள் நங்கையா.

மழைக்காலம் தொடங்கும்போது வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் படுத்தேன். அது சரியாகி, கடிதம் அடிக்க உட்கார்ந்தபோது எழுத்துகள் விட்டுப்போயின. கீபோர்டில் கோளாறு என்று நினைத்துத் துடைத்து வைத்தேன். மறுநாள் நடக்கும்போது செருப்பு காலில் நிற்காமல் கழன்று கழன்று பின்னால் கிடந்தது. செருப்பு தேய்ந்துவிட்டது என்று அதையும் திட்டினேன். உள்ளூர் டாக்டர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார். அதற்கடுத்த காலையில் காபி டம்ளரைத் தூக்கினேன், அது கையில் நிற்கவில்லை. மடியெல்லாம் காபி. சூடு தெரிந்தது, துடைக்கக் கை எழவில்லை. அப்போதுதான் என் கணவர் வாடகைக் கார் பிடிக்க ஓடினார்.

கோயமுத்தூர் மருத்துவமனையில் நரம்பு டாக்டர் ஒரு பெண். சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். யாருக்கும் கால் துள்ளும். எனக்கு அசையவில்லை. அவர் இன்னொரு முறை தட்டினார். டாக்டர்கள் ஒரே இடத்தை இரண்டாவது முறை தட்டும்போது மனிதருக்கு வரும் பயம் இருக்கிறதே, அதற்கு மருந்து கிடையாது. முதுகில் ஊசியிட்டுத் தண்டுவடத்து நீரை எடுத்தார்கள். கையிலும் காலிலும் சுரீர் சுரீரென்று கரண்ட் வைத்து, அது நரம்பில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். பிறகு நோயின் பெயரைச் சொன்னார்கள்: கில்லன் பாரே. வாயில் நுழையாத பெயர் என்றாலே பிழைக்க மாட்டோம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நரம்புக்கு மேலே, கரண்ட் ஒயருக்கு மேலே இருப்பது போல ஓர் உறை உண்டு. வயிற்றுப்போக்கைத் தந்த கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய என் உடம்பின் காவல், ஆள் தெரியாமல் அந்த உறையைக் கடித்துக் குதறிவிட்டது. காலில் ஆரம்பித்து மேலே ஏறும். ஒரு கட்டத்தில் தானாக நின்றுவிடும், பிறகு மெல்ல மெல்லச் சரியாகும். "எங்கே நிக்கும்ங்கறதுதாம்மா கேள்வி" என்றார். நெஞ்சுத் தசைக்கு வந்துவிட்டால் மூச்சு நின்றுபோகும். அதற்கு முன்னால் தொண்டையில் குழாய் இறக்கி மூச்சு மெஷினில் போட வேண்டும். குழாய் இருக்கும்வரை பேச்சு கிடையாது.

எவ்வளவு மூச்சு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை. மெஷின் எதுவும் வேண்டாம். நன்றாக மூச்சை இழுத்து, அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண வேண்டும். எதுவரை போகிறதோ அதுதான் கணக்கு. முதல் நாள் முப்பதுக்குக் கிட்டத்தில் வந்தேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்த பெருமை எனக்கு. அடுத்த நாள் இருபதைத் தொட முடியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே உறவினருக்கு அனுமதி கிடையாது. என் கணவர் கதவுக்கு வெளியே நின்றார். உட்கார நாற்காலி இருந்தும் உட்காரவில்லையாம். நர்ஸ் வந்து எண்ணச் சொல்லும்போதெல்லாம் கதவில் காதை வைத்து அவரும் கூடவே எண்ணியிருக்கிறார். பதினாறு. பதினாலு. அதன்பிறகு என் குரல் கதவைத் தாண்டவில்லை. நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம், "ஏனுங்க சிஸ்டர், இப்ப எத்தனைங்க?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவரைக் கண்டாலே அந்தப் பெண் கையை விரித்து எண்ணைக் காட்டிவிட்டுப் போவாளாம்.

ரத்தத்தை ஒரு மெஷின் வழியாக வெளியே எடுத்து, அதில் உடம்பைக் கடிக்கும் பொருள் கலந்திருக்கும் நீர்ப்பகுதியை மட்டும் நீக்கி, மீதியைப் புதிய திரவத்தோடு திருப்பி ஏற்றினார்கள். வேறோர் ஊசி மருந்தும் இருந்தது. அதன் விலையைக் கேட்டதும் என் கணவர் தறியை விற்கிறேன் என்றாராம். டாக்டர்தான், இதுவும் அதே வேலையைச் செய்யும், தறியை விற்க வேண்டாம் என்று தடுத்தாராம். எனக்கு இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தலைமாட்டில் ஒரு தட்டு. அதில் பச்சைத் துணி மூடிய குழாய். துணி விலகும்போதெல்லாம் அதன் நுனி தெரியும். கை போய்விட்டது, கால் போய்விட்டது, பேச்சையும் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பதினொன்று வரை எண்ணினேன். மூச்சு முடிந்துவிட்டது. அடுத்த முறையும் பதினொன்று. அதற்கடுத்த முறையும்.

பதினொன்றிலேயே நின்றது. இறங்கவில்லை. குழாய் இருந்த தட்டை எடுத்துப்போன காலையில் நான் அழுததைப் பார்த்து, வலிக்கிறதா என்று நர்ஸ் பதறினாள்.

சாதாரண வார்டுக்கு வந்தபின் நங்கையாவின் ராஜ்ஜியம். தலையைச் சீவிச் சிக்கெடுத்து, "முடி போனாப் போகுது, உசுரு இருக்குதல்ல" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு முடிக்கும் வருத்தப்பட்டார். எதிர்க்கட்டிலில் துடியலூர்க்காரர் ஒருவர். நங்கையா குளிக்கப் போகிற நேரத்தில் அவருடைய மனைவி வந்து எனக்கு இட்லி ஊட்டிவிடுவார். எங்களுக்குள் என்ன உறவு? கட்டிலுக்குக் கட்டில் எதிரே கிடந்த உறவு. அவர் கையால் தின்ற இட்லி ருசி வேறெங்கும் கிடைக்கவில்லை. எழுதுகிற நங்கையா முகத்தைச் சுளிக்கிறார், பரவாயில்லை.

சுவரைப் பிடித்து நடக்கும் அளவுக்குக் கால் வந்தபின் வீட்டுக்கு அனுப்பினார்கள். முகத்தில் இடப்பக்கம் கொஞ்சம் கோணியிருந்தது. விரல்கள் மட்டும் வரவில்லை. கரண்டி பிடிக்கவே வராதபோது கீபோர்டுக்கு எங்கே போவது? நரம்பு முளைக்க நாளாகும், சிலருக்கு முழுதாக வராமலும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். நான் சொல்லச் சொல்ல அடிக்க ஒரு பெண்ணை வைத்துப் பார்த்தோம். நன்றாகப் பழகியதும் கல்யாணமாகிப் போய்விட்டாள். எனக்கு அதிக வேலை தரும் பனியன் கம்பெனியின் முதலாளி ஆப்பிளோடு பார்க்க வந்தார். "ஒடம்பப் பாத்துக்குங்க அம்மணி, ஒண்ணும் அவசரமில்லீங்க. தை வரைக்கும் நாங்க எப்புடியோ ஓட்டிக்கறமுங்க" என்றார். தைக்குப் பிறகு என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி சிவகுமார் அப்போதுதான் ஒரு குறுந்தகட்டோடு வந்தான். பேசினால் எழுதும் சாஃப்ட்வேர். "உனக்குக் கை எதுக்குக்கா? வாய் இருக்குதல்ல, அது போதும்" என்றான். என் வாயைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்தான்.

கம்ப்யூட்டரோடு வந்த மேசை மைக்கை முதலில் மாட்டினோம். நான் வாயைத் திறக்கும் முன்பே அது எழுத ஆரம்பித்துவிட்டது. தறி அடிக்கிற ஒவ்வோர் அடிக்கும் ஒரு சின்ன இங்கிலீஷ் வார்த்தையாகப் பக்கம் முழுக்க நிரம்பியது. மேசை மைக்குக்கு எல்லாக் குரலும் ஒன்றுதான், தறியும் காக்காயும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் நானும் அதற்குச் சமம் என்றான் சிவகுமார். புடவையில் குத்துகிற காலர் மைக்கை வாங்கி வந்தான். துணி உரசுகிற சத்தத்தை அது மழை பெய்கிற மாதிரி கேட்டது.

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிற எங்கள் பங்காளி ரங்கசாமி, விஷயத்தைக் கேள்விப்பட்டு, இதற்குப்போய் இவ்வளவு யோசனையா என்று மேடை மைக்கை ஸ்டாண்டோடு தூக்கி வந்துவிட்டார். கம்ப்யூட்டருக்குப் பொருந்துகிற பின்னை மாற்றி மாட்டி, வழக்கப்படி வாயருகே குனிந்து, "ஹலோ மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்றார்.

அவர் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகிறார். பதினொன்றுக்கு மேல் போவாரா மாட்டாரா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என் கணவர் வந்து ரங்கசாமியின் கையைப் பிடித்து, "போதுமுங்க" என்றார். ஏன் என்று ரங்கசாமிக்கு இன்றுவரை தெரியாது. அந்த மைக்கும் சரிப்படவில்லை. அதற்கு உதட்டை ஒட்டியே பேச வேண்டும். ஸ்டாண்டு அசையாது, நான் திரையைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் குரல் தப்பிவிடும்.

கடைசியில் சிவகுமார் பெங்களூரிலிருந்து தலையில் மாட்டும் மைக்கை அனுப்பினான். கன்னத்தோரம் ஒரு கம்பி, அதன் நுனியில் பஞ்சு சுற்றிய சின்ன மைக். அதற்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு துளை. தூரத்துச் சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் வாயின் குரல் ஒரு துளையில் மட்டும் பலமாக விழும், அது தங்கும். தலை எங்கே திரும்பினாலும் மைக்கும் கூடவே வரும். இதற்கும் ஒரு சோதனை வந்தது. கம்பி இடப்பக்கம் இருந்தது. என் உதட்டில் காற்று ஒழுகுவதும் இடப்பக்கம்தான். 'ப' என்று சொன்னாலே புஸ்ஸென்று மைக்கில் காற்றடித்தது. என் கணவர் அதைக் கழற்றித் திருப்பி, கம்பியை வலப்பக்கம் வளைத்து, வாய்க்கு நேரே இல்லாமல் ஓரமாக நிறுத்தினார். தினமும் எனக்குப் பூ வைத்து விடுகிற மாதிரி அதை மாட்டிவிடுவார். இதை எழுத வேண்டாம் என்கிறார் நங்கையா. எழுதுங்கள்.

சாஃப்ட்வேருக்கு முதலில் நம் குரலைப் பழக்க வேண்டும். அது கொடுக்கிற பாடங்களை உரக்கப் படித்துக் காட்டினால், இவள் பேச்சு இப்படி என்று மனதில் வைத்துக்கொள்ளும். அமைதியாக இருந்தால் நல்லது என்று சிவகுமார் போனில் சொல்லியிருந்தான். என் கணவர் தறியை நிறுத்தினார். நிறுத்தியதோடு விட்டாரா? இருபக்கத்து வீடுகளிலும் எதிர்வீட்டிலும் போய்ச் சொன்னார். எங்கள் ஊர் மரியாதைக்குக் கேட்க வேண்டுமா? தெரு முழுக்கத் தறியை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் பக்கம் வேலை நாளில் தறி நிற்பது கரண்ட் போனால், இல்லாவிட்டால் தெருவில் சாவு விழுந்தால். வீடுகளில் பல்பு எரிகிறது, தறி ஓடவில்லை. நான் படித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் தோளில் துண்டோடு வாசலில் வந்து நின்று, தாழ்ந்த குரலில், "ஆருங்க தவறிப்போனது?" என்று கேட்டார்.

நங்கையா ஓடிப்போய், "ஆரும் தவறலீங்க. எங்க சரசு கம்ப்யூட்டருகிட்டப் பேசீட்டு இருக்கறாளுங்க" என்றார்.

"அப்புடீங்களா. நான் அந்தப் புள்ளதான்னு நெனச்சுப்போட்டனுங்க" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. மைக்குக்கும் கேட்டிருக்கும். என் சாவுக்கு நிறுத்திய தறி மாதிரியே இருந்தது அந்த அமைதி. மெல்லிய குரலில் மீதிப் பாடத்தைப் படித்து முடித்தேன். பிறகு ஒரு கடிதத்தைச் சொல்லிப் பார்த்தேன். திரையில் அப்படியே வந்தது. பிழை விரல் விட்டு எண்ணும் அளவுதான். நங்கையா திருஷ்டி சுற்றிப் போட்டார், எனக்கா கம்ப்யூட்டருக்கா என்று தெரியவில்லை.

மறுநாள் தறிகள் ஓடின. நான் சொன்னது ஒன்று, அது எழுதியது ஒன்று. திருத்தினேன். அடுத்த நாள் இன்னும் மோசம். பொழுது சாயப் பார்த்தால் ஒரு வரிகூடத் தேறவில்லை. மைக் அதே மைக், கம்பி அதே இடம். அப்படியானால் மாறியது என்ன? என் குரல். நோய் பழையபடி மேலே ஏறுகிறது. இந்த நோய் சிலருக்குத் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொன்னது காதில் சுற்றிக்கொண்டே இருந்தது. மனிதர்களுக்குத் தெரியாத மாற்றம் மெஷினுக்கு முதலில் தெரிந்துவிட்டது என்று நம்பினேன். சமையலறையில் போய் யாருக்கும் தெரியாமல் எண்ணிப் பார்த்தேன். பயத்தில் மூச்சே சரியாக இழுக்க வரவில்லை, பதினெட்டில் நின்றது. திரும்பினால் கதவோரம் என் கணவர். அவரும் எண்ணிக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

"கெளம்பு அம்மணி, போலாம்" என்றார். கோயமுத்தூர் வழியில் சூலூர் தாண்டும்வரை அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

அதே டாக்டர். அதே சுத்தியல். எண்ணுங்கள் என்றார். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். முப்பதைத் தாண்டினேன். இன்னொரு முறை. அப்போதும் தாண்டினேன். "குரலுக்கு ஒண்ணும் இல்லம்மா, மூச்சும் நல்லா இருக்கு. பயந்துட்டீங்க, அவ்வளவுதான்" என்றார். எனக்கு நிம்மதி வரவில்லை. குரல் சரி என்றால் மைக் ஏன் என்னை மறந்தது?

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினோம். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. காரில் அத்தனை நேரமும் மெல்லப் பேசிக்கொண்டு வந்தவர், உள்ளே பார்த்து, "அக்கா! ஒண்ணுமில்லீங்க! நல்லாருக்கறா!" என்று கத்தினார். நானும், "நங்கையா! சுடுதண்ணி வெய்யுங்க!" என்று கத்தினேன். கத்திவிட்டு வாசலிலேயே நின்றேன். டாக்டர் முன்னால் எண்ணியது இந்தக் குரல் இல்லை. தறிக்கு நடுவே பேசும்போது எங்கள் ஊரில் எல்லோருக்கும் குரல் தானாக உயர்கிறது, வார்த்தை நீள்கிறது. அது பழகிப்போனதால் எங்களுக்கே தெரிவதில்லை. மைக் தறிச் சத்தத்தை வடிகட்டிவிட்டது, சரி. என் கத்தலை எப்படி வடிகட்டும்? தெருவையே நிறுத்தி வைத்து, சாவுவீட்டு அமைதியில் நான் பழக்கியது நான் ஒருநாளும் பேசாத ஒரு குரலை.

சிவகுமாருக்குப் போன் போட்டேன். "ஆமாக்கா! நீ எந்தச் சத்தத்துல உக்காந்து வேலை செய்வியோ, அதே சத்தத்துல பழக்கியிருக்கோணும். எனக்கே தோணல பாரு" என்றான். இப்போது தோன்றி என்ன, நான் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று.

மறுநாள் காலை என் கணவர் மைக்கை மாட்டிவிட்டுப் பழக்கதோஷத்தில் தறியை நிறுத்தப் போனார். "நிறுத்தாதீங்க! எட்டும் ஓடட்டும்!" என்றேன். சாஃப்ட்வேரில் பழைய குரலை அழித்துவிட்டு, முதலிலிருந்து எல்லாப் பாடத்தையும் தறிக்கு மேலே என் வழக்கமான குரலில் படித்தேன். முடிந்ததும் கம்பெனிக் கடிதத்தைத்தான் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், தை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வாயில் வந்தது வேறு. மூச்சை நன்றாக இழுத்து, ஒன், டூ என்று எண்ண ஆரம்பித்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் மெதுவானது. நாம் பேசி முடித்துச் சற்றுப் பொறுத்துத்தான் எழுத்து வரும். நான் முப்பதைத் தாண்டி, மூச்சு தீர்ந்து, வாயை மூடியபோது திரையில் நாலுதான் வந்திருந்தது. என் கணவர் அப்போதுதான் குடோனிலிருந்து வந்து பக்கத்தில் நின்றார். தறிகளுக்கு அந்தப் பக்கம் நான் எண்ணியது அவர் காதுக்கு எட்டியிருக்காது. கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் உதடு அசைந்தது. ஒன்பது. பத்து. பதினொன்று. அங்கே திரை ஒரு கணம் நின்றது, அவர் உதடும் நின்றது.

பிறகு பன்னிரண்டு வந்தது. அவர் தோள் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். திரையில் எண்கள் வந்துகொண்டே இருந்தன.